நம்ம ஊரு நார்மல்

கண்ணு, நீ அனுப்பின மெசேஜைப் பார்த்தேன். எல்லா டெஸ்ட்டும் ஓகேம்மா, திங்கக்கிழமை காலைல பெங்களூர்லேருந்து கிளம்பி வந்துடறேன், அப்பாகிட்ட சொல்லிடுன்னு எழுதி, கீழே ஒரு சிரிச்ச மூஞ்சி வேற போட்டிருந்தே. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் இதை எழுத உக்கார்ந்தேன். போன்ல சொல்ல முடியாது. நான் பாதி சொல்றதுக்குள்ள 'சும்மா பயப்படாதேம்மா'ன்னு நீ ஆரம்பிச்சுடுவே, நீ அப்படிச் சொன்னா மீதி எனக்கு வாயில வராது. அதனால நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதறேன். உனக்கு மட்டும் அனுப்பலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் அன்னைக்கு உன்கூட காலேஜ்ல வரிசையில நின்ன பசங்க மூஞ்சியெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அவங்களுக்கும் இது தெரியணும். அதான் ஊரறிய எழுதறேன், யாரு வேணா படிக்கட்டும். சுத்தி வளைக்காம சொல்லிடறேன்: உங்கப்பாவுக்கு நீ கிட்னி குடுக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன், கோவப்படாம கடைசி வரைக்கும் படி.

சின்ன வயசுலேருந்தே எங்க ரெண்டு பேர் வேலையையும் நீ கிண்டல் பண்ணுவே. அப்பா தோலை ஊற வெக்கறாரு, அம்மா யூரினை ஊற வெக்கறாங்கன்னு. உண்மைதானே. நான் ஆம்பூர்ல ஒரு காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி பாடம் எடுக்கறவ. உங்கப்பா ஒரு தோல் பதனிடற ஷாப்ல ட்ரம் செக்‌ஷன் சூப்பர்வைசர். க்ரோம் தண்ணியில தோலைப் போட்டு சுத்தற பெரிய மரப் பீப்பாய்ங்களுக்கு நடுவுலதான் அவரு ஆயுசுல பாதி போச்சு. அவரு செக்‌ஷன்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கால் வீங்கி, மூஞ்சி வீங்கி, வீட்டுல படுத்துட்டாங்க. சாதாரண ரத்தப் பரிசோதனையில கிட்னி கோளாறுன்னு தெரிய வரும்போது பாதிக்கு மேல போயிருக்கும், அப்புறம் டாக்டர் கையைப் பிசையறதைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. 'இவ்ளோ படிச்சிருக்கியே டீச்சரம்மா, கொஞ்சம் முன்னாடியே கண்டுபுடிக்க ஒரு வழி பண்ணேன்'னு உங்கப்பாதான் கேட்டாரு. சாப்பிட்டுக்கிட்டே, தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு. அவரு என்கிட்ட அதுவரைக்கும் எதையும் கேட்டவர் இல்ல. நான் அதைப் புடிச்சுக்கிட்டேன்.

கிட்னியோட செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு. செல் அடிபட்டா அது யூரின்ல கசியும், ரத்தத்துல எதுவும் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கசியும். இது நான் கண்டுபுடிச்சது இல்ல, புத்தகத்துல இருக்கறதுதான். ஆனா அதை அளக்கப் பெரிய மெஷின் வேணும், ஏசி ரூம் வேணும். ஷாப் வாசல்ல, டீக்கடை பெஞ்சுல உக்கார்ந்துக்கிட்டே பார்க்கற மாதிரி ஒரு டெஸ்ட் வேணும்னு நான் ஆசைப்பட்டேன். அந்த என்சைம் பட்டா கத்திரிப்பூ நிறமா மாறற ஒரு கெமிக்கல் இருக்கு. அதை வடிகட்டற காகிதத்துல ஊற வெச்சு, காய வெச்சு, விரல் அகலத்துக்கு ஸ்ட்ரிப்பா வெட்டிட்டா ஒரு சொட்டு போதும். வெள்ளையா இருந்தா நல்லா இருக்கே, வீட்டுக்குப் போ. நிறம் வந்தா டாக்டரைப் பாரு. கேக்க எவ்ளோ சுலபமா இருக்கு! நீ ஸ்கூல் பையனா இருந்தப்ப ஆரம்பிச்சது, நீ காலேஜ் முடிக்கறப்பதான் ஒரு வழிக்கு வந்துச்சு. வெயில் அடிச்சா காகிதம் தானா நிறம் மாறிடும், மழை நாள்ல காயவே காயாது. நீ தலை காய வெக்கற மெஷினை நான் லேபுக்குத் தூக்கிட்டுப் போனதுக்கு நீ போட்ட சண்டை இருக்கே, அப்பப்பா! கரன்ட் போச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கறது அத்தனையும் பாழ், மறுபடி முதல்லேருந்து. என்கிட்ட பிஎச்.டி. பண்ண ஷபானா இருந்தாளே, ஆம்பூர்க்காரப் பொண்ணு, உன்னை 'சோட்டா சார்'னு கூப்பிடுவாளே, அவ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ கையை உதறியிருப்பேன்.

எந்த டெஸ்ட்டா இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளு வேணும். நோய் இல்லாதவங்க, ஷாப்ல வேலை பார்க்காதவங்க. அவங்களுக்கு கன்ட்ரோல்னு பேரு. புத்தகம் இன்னா சொல்லுதுன்னா, வேலை ஒண்ணைத் தவிர மத்த எல்லாத்துலயும் அவங்க ஷாப் ஆளுங்க மாதிரியே இருக்கணும். அதே ஊரு, அதே சாப்பாடு, அதே தண்ணி. அப்பதான் வித்தியாசம் வேலையால வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியும். நாங்க புத்தகம் சொன்னதை அப்படியே பண்ணோம். வேற வழியும் இல்ல, அந்த என்சைம் சூடு தாங்காது, எடுத்த கொஞ்ச நேரத்துக்குள்ள அளந்தாகணும். தோல் ஷாப்பே இல்லாத ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்துல போய் யூரின் வாங்கிட்டு பஸ்ல வர்றதுக்குள்ள அது செத்துப் போயிடும். அதனால லேபைச் சுத்தி யாரு இருந்தாங்களோ அவங்கதான் எங்க கன்ட்ரோல். காலேஜ் பசங்க, ஆபீஸ் ஸ்டாஃப், வாட்ச்மேன், நான், ஷபானா, அப்புறம் நீ. சனிக்கிழமை காலைல பாத்ரூம் வாசல்ல ஆளுக்கொரு பாட்டிலோட வரிசையில நிப்பீங்க. 'மத்த அம்மாங்க டிபன் பாக்ஸ் குடுப்பாங்க, எங்கம்மா குடுத்ததைப் பாருங்கடா'ன்னு நீ பாட்டிலைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சே. முடிச்சதும் எல்லாருக்கும் பிரியாணி. உங்களுக்கு நாங்க வெச்ச பேரே 'நார்மலுங்க'தான். 'மேம், நார்மலுங்க ஜாஸ்தியா வந்துட்டாங்க, பொட்டலம் கம்மியா இருக்கு'ன்னு ஷபானா கத்துவா. என் வாழ்க்கையிலயே நான் ரொம்ப சந்தோஷமா இருந்தது அந்தச் சனிக்கிழமைங்கதான்.

முதல் செய்முறையில பண்ண ஸ்ட்ரிப்புல ஒரு பேஜார் இருந்துச்சு. ஷாப் ஆளுங்களுக்கு நிறம் வந்துச்சு, சரி. ஆனா நார்மலுங்களுக்கும் லேசா வந்துச்சு. ஒருத்தர் விடாம எல்லாருக்கும். நாங்க இன்னா நினைச்சோம்? எல்லாருக்கும் வருதுன்னா அது ஆளோட கோளாறா இருக்க முடியாது, கெமிக்கலோட கோளாறுன்னு நினைச்சோம். லேபுல இதுக்கு பேக்ரவுண்ட்னு பேரு. ரேடியோவுல பாட்டுக்குப் பின்னாடி கரகரன்னு கேக்குமே, அது மாதிரி. அதைக் கழிச்சுத் தள்ளாம டெஸ்ட்டை வெளிய விட்டா அவன் அரைகுறைன்னு சிரிப்பாங்க. நாங்க அரைகுறை இல்லையே! வருஷக்கணக்கா அதே வேலையா உக்கார்ந்தோம். உப்பை ஏத்தினோம், புளிப்பை மாத்தினோம், கெமிக்கலைக் கொறைச்சோம், காகிதத்தை மாத்தினோம். ஒருநாள் உன் ஸ்ட்ரிப் பளிச்சுன்னு வெள்ளையா நின்னுச்சு. வாட்ச்மேனோடது வெள்ளை, என்னோடதும் வெள்ளை. ஷபானா என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுதா. நாங்க வெள்ளையா தெரியற வரைக்கும் அந்த டெஸ்ட்டை நாங்களே வளைச்சிருக்கோம் கண்ணு. அன்னைக்கு அதுக்குப் பேரு வெற்றி. கட்டுரை அச்சாச்சு, காலேஜ்ல சால்வை போட்டாங்க, நீ போட்டோ எடுத்தே.

அந்தப் புது ஸ்ட்ரிப்பை முதல்ல உங்கப்பாவுக்குத்தான் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் ஆனா கால் கனக்குதுன்னு அப்பவே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ட்ரம் பக்கமே போக வேணாம், பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்தறோம்னு ஷாப்ல சொல்லியிருந்தாங்க. சமையல்கட்டு மேடையில ஸ்ட்ரிப்பை வெச்சுட்டு ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னோம். வெள்ளை. 'இன்னா டீச்சரம்மா, நான் பாஸா?'ன்னாரு. 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'னேன். மறுநாளே மாத்தல் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. உடம்புதான் நல்லா இருக்கே, பழகின இடத்தை ஏன் விடணும்னாரு. அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மூச்சு வாங்கி விழுந்தாரு, ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னாங்க. டயாலிசிஸுக்குப் பக்கமா இருக்கணும்னு ஆம்பூர் வீட்டைப் பூட்டிட்டு சத்துவாச்சாரிக்கு வாடகைக்கு வந்தோம். அப்பக்கூட எனக்குப் புத்தி வரல. எந்த டெஸ்ட்டும் யாரோ ஒருத்தரைத் தவற விடத்தான் செய்யும், அந்த ஒருத்தரு நம்ம வீட்டு ஆளா போயிட்டாரேன்னு என் தலையெழுத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் ஷபானா போன் பண்ணா. கல்யாணம் ஆகி குன்னூர் போனாளே, அங்க ஒரு சின்ன லேபுல சேர்ந்திருக்கா. அவளுக்கு எதையும் முதல்லேருந்து செஞ்சு பார்த்தாத்தான் தூக்கம் வரும். நாங்க திருத்தறதுக்கு முன்னாடி இருந்த முதல் செய்முறையிலயே ஸ்ட்ரிப் பண்ணி, மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எல்லார்கிட்டயும் வாங்கிப் போட்டிருக்கா. 'மேம், கெமிக்கல் கெட்டுப் போச்சு போல. இங்க யாருக்கும் கலரே வரல'ன்னா. எனக்கு முதல்ல ஒண்ணும் உறைக்கல. எப்ப வாங்கினது, ஃப்ரிட்ஜ்ல வெச்சியா இல்லையான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் சும்மாதான் கேட்டேன், 'உன்னோடதைப் போட்டுப் பார்த்தியா?' 'பார்த்தேன் மேம். எனக்கு மட்டும் லேசா வருது.' அவ பின்னாடி யாரோ குழந்தையை அதட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கடைசியில அவ சின்னக் குரல்ல 'யா அல்லா'ன்னுட்டு போனை வெச்சுட்டா.

நாங்க கழிச்சுத் தள்ளினது கெமிக்கலோட கோளாறு இல்ல, நம்ம கிட்னிங்களோட கோளாறு. அதைக் கழிச்சதாலதான் உங்கப்பாவோட ஸ்ட்ரிப்பும் வெள்ளையா நின்னுச்சு. தண்ணியா, க்ரோமா, வேற எதுவுமா, எனக்குத் தெரியல, தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனா நம்மளைப் பார்த்து இதுதான் நார்மல்னு கோடு போட்டது நான். வெளியூர்க்காரன் யாராவது இந்த வேலையைப் பண்ணியிருந்தா இப்படி ஆகியிருக்காது, அவன் தன்னோடதைப் போட்டுப் பார்த்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இந்த ஊர்லயே பொறந்து இந்தத் தண்ணியையே குடிச்சு வளர்ந்த எங்களுக்குத்தான் அது கண்ணுல படல. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி அதைப் போட்ட பத்திரிகைக்கு எழுதிட்டேன். நார்மலுங்களை ஒவ்வொருத்தரா தேடிப் போன் பண்றேன். நம்ம வாட்ச்மேன் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, 'ஊர்ல எல்லாருக்கும்தானே இருக்குன்றீங்க மேடம், எல்லாருக்கும் இருந்தா அது எப்படி வியாதி ஆவும்?'னு சிரிச்சாரு. நான் வருஷக்கணக்கா லேபுல உக்கார்ந்து எழுதினதும் இதையேதான். அவரு ஒரு மூச்சுல சொல்லிட்டாரு.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். போன தடவை கிட்னி குடுக்கறதுக்கான டெஸ்ட்டுக்கு நீ வந்தப்ப, எனக்கும் ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போன்னு கேட்டேனே. 'இன்னும் விடலையாம்மா நீ, பிரியாணி உண்டா?'ன்னே. அதை முதல் செய்முறை ஸ்ட்ரிப்புல போட்டேன். லேசா இல்ல கண்ணு. நல்லா அடர்த்தியா, கண்ணை உறுத்தற கத்திரிப்பூ. புதுசா காகிதம் வெட்டி, புதுசா கெமிக்கல் கலந்து மறுபடி போட்டேன், அதேதான். அன்னைக்கு ட்ரம் செக்‌ஷன் ஆளுங்களுக்கு வந்த நிறம் அது. நீ ட்ரம்மைத் தொட்டதே இல்லையே, ஏன்டா உனக்கு? ஸ்ட்ரிப்பைக் கையில வெச்சுக்கிட்டு லேபுல தனியா நின்னு அதையேதான் திரும்பத் திரும்ப கேட்டேன், பைத்தியக்காரி மாதிரி.

கிட்னி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். உக்கார வெச்சு, அவசரப்படாம கேட்டாங்க. உன் ரத்தம், ஸ்கேன் எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் தயங்கித் தயங்கி, 'மேடம், நீங்க சொல்ற முதல் செய்முறையை யாருமே சரிபார்த்தது கிடையாது. அச்சுல வந்த உங்க கட்டுரையை நான் படிச்சிருக்கேன். அதுல நீங்க போட்ட அளவுப்படி உங்க பையன் நார்மல்தானே?'ன்னு கேட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க நாற்காலியில நான் இருந்திருந்தா நானும் அதையேதான் கேட்டிருப்பேன். 'உங்களுக்கு மனசு ஒப்பலன்னா பையன்கிட்ட பேசுங்க, முடிவு அவரோடது'ன்னாங்க. அந்த முதல் செய்முறை சரியா தப்பான்னு நிரூபிக்கணும்னா பல ஊர் ஆளுங்களை வெச்சு, வருஷக்கணக்கா பார்க்கணும். உங்கப்பாவுக்கு அவ்ளோ வருஷம் இல்ல. டயாலிசிஸுக்காகக் கையில ஊசி குத்தற நரம்பு திரும்பத் திரும்ப அடைக்குது, இதயமும் தளர்ந்து போச்சு. எனக்கு சர்க்கரை, என்னோடதைத் தொடவே மாட்டாங்க. வேற யாரோ ஒருத்தர் செத்து வர்ற கிட்னிக்குப் பேரு பதிஞ்சு வெச்சிருக்கு, அது எப்ப வருமோ, வருமோ வராதோ.

உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சொல்லும்போது மனசுக்குள்ள ஒரு நினைப்பு, 'வுடு, பையன் நல்லா இருந்தா போதும்'னு அவரே சொல்லிடுவாருன்னு. சினிமாவுல அப்படித்தானே சொல்லுவாங்க. அவரு ஃபேனையே பார்த்துட்டு இருந்தாரு. 'அன்னைக்கு நான் நல்லா இருக்கேன்னு சொன்னதும் நீதான். இன்னைக்கு அவன் நல்லா இல்லன்னு சொல்றதும் நீதான். நான் எதை நம்பறது சொல்லு?'ன்னாரு. அப்புறம், 'எனக்கு சாவ பயமா இருக்கும்மே'ன்னாரு. 'டாக்டரு குடுக்கலாம்னு சொல்ட்டாங்க. அவனும் தர்றேன்றான். நீ குறுக்க வராதே.' சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவரு மேல கோவப்படாதே கண்ணு. தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிக்க முடியாம, ஐஸ் துண்டை வாயில வெச்சுக்கிட்டு இருக்கற மனுஷன். உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு அலைஞ்ச அதே ஆளுதான். அவருக்கு வாழணும்னு இருக்கு, அவ்ளோதான். அப்படி இருக்கறது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேரா என்னால சொல்ல முடியல.

இப்படி ஒரு கடிதத்துல பெத்தவங்க நாலு நல்ல புத்தி சொல்லுவாங்க. என்கிட்ட இருக்கறது கொஞ்சம்தான். வருஷா வருஷம் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிக்கோ. தலைவலின்னா சட்டுன்னு மாத்திரையை முழுங்காதே, அது கிட்னிக்கு ஆகாது. கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட மறைக்காதே. 'இது எல்லாருக்கும் இருக்கறதுதான்'னு யாராவது சொன்னா, அந்த எல்லாரும் எந்த ஊருன்னு கேளு. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதெல்லாம் போச்சு.

நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். உன் கிட்னிங்க ரெண்டும் கல்லு மாதிரி இருக்கலாம், இந்த நிறம் வேற எதுக்காகவோ வந்திருக்கலாம். அப்படின்னா ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டி அவரைப் படுக்க வெச்சதும் நான், ஒரு கலர் காகிதத்தைக் காட்டி அவரைப் பொழைக்க விடாம பண்றதும் நான். சரியா இருந்தாலோ, உன்கிட்டேருந்து ஒண்ணை எடுத்து அவருக்கு வெச்சு, கொஞ்ச வருஷத்துல உங்க ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல டயாலிசிஸ்ல பார்ப்பேன். எது உண்மைன்னு கண்டுபுடிக்க என்கிட்ட ஒரு வழியும் இல்ல. இருக்கறதுல, தப்பா போனாலும் நீ உசுரோட இருக்கற தப்பை நான் எடுத்துக்கறேன். அவருகிட்ட நீயா முடிவு பண்ணேன்னு சொல்லாதே. அம்மா தடுத்துட்டாங்கன்னு சொல்லு, அவரு என்னைத் திட்டட்டும்.

ஆனா ஒண்ணு. இவ்ளோ எழுதிட்டேனே தவிர, திங்கக்கிழமை நீ வாசல்ல வந்து நின்னா உன்னைத் திருப்பி அனுப்பற தெம்பு எனக்கு இல்ல. கதவைத் திறப்பேன். 'யாரு, பையனா?'ன்னு உள்ளேருந்து அவரு கேப்பாரு. அந்தக் குரலைக் கேட்டேன்னா, இதுல எழுதின எல்லாத்தையும் மறந்துட்டு, நானே உன்னை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அங்கேயே இருடா.